இழுவை குறைந்த டீசல் கார்: குறையறிதலில் ஒரு பாடம்

மலைப் பள்ளிகளிலும் தொலைதூரப் பள்ளிகளிலும் பணியாற்றும் நம் ஆசிரியர்களில் பலர் டீசல் காரில் போய் வருகிறார்கள். ஏற்றத்தில் நன்றாக இழுக்கும், லிட்டருக்குக் கூடுதல் கிலோமீட்டர் கிடைக்கும் என்பதற்காகப் பழைய கார் ஒன்றை வாங்கி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து பயணிப்பதும் உண்டு. அத்தகைய காரில் ஒரு நாள் இழுவை போய்விடுகிறது. பெடலை முழுவதும் மிதித்தாலும் வண்டி முனகுகிறதே தவிர ஏறுவதில்லை. பட்டறையில் காட்டினால், "டர்போ போயிடுச்சு, மாத்தணும்" என்று ஒரே வரியில் பதில் வருகிறது. சொல்லப்படும் தொகையோ பல நேரங்களில் ஒரு மாதச் சம்பளத்தைத் தொடுகிறது.

உண்மையிலேயே டர்போ கெட்டுப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால், மேல்நிலை வகுப்புத் தொழிற்கல்விப் பிரிவில் தானியங்கி ஊர்திப் பாடம் நடத்தும் என் அனுபவத்தில், இழுவை குறைந்து வந்த கார்களில் பெரும்பாலானவற்றில் டர்போ நன்றாகவே இருந்தது. பழுது அதற்கு முன்னாலோ பின்னாலோ, ஒரு ரப்பர் குழாயிலோ வடிகட்டியிலோ இருந்தது. பழுது தெரியும் இடம் ஒன்று, பழுது இருக்கும் இடம் வேறொன்று. இதைக் கண்டுபிடிக்கும் முறை காருக்கு மட்டும் உரியதல்ல. கல்வியியலில் நாம் படித்த குறையறிதல், குறைதீர்த்தல் என்பதும் இதே முறைதான்.

டர்போ என்ன செய்கிறது?

டீசல் எரிய வேண்டுமானால் காற்று வேண்டும். 1 கிராம் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிராம் காற்று தேவை. எனவே, எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறதோ அதுவே எவ்வளவு டீசலை எரிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

1.3 லிட்டர் கொள்ளளவு கொண்ட ஒரு நான்கு வீச்சு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அது தன் கொள்ளளவு முழுவதற்கும் காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்றுகள் சுற்றினால், 1,000 முறை 1.3 லிட்டர், அதாவது 1,300 லிட்டர் காற்று. 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் காற்றின் நிறை சுமார் 1.15 கிராம். ஆக, ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ காற்று. அதைக் கொண்டு அதிகபட்சம் 100 கிராம் டீசலை எரிக்கலாம். இதற்கு மேல் டீசலை ஊற்றினால் கரும்புகைதான் வரும்.

அதே எஞ்சினில் கூடுதல் காற்றைத் திணிக்க ஒரு வழியை 1905ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி காப்புரிமைக்கு விண்ணப்பித்துப் பதிவு செய்தார். எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் வெப்பப் புகையின் ஆற்றலைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றுவது, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புவது என்பதே அந்த வழி. புகைப் பக்கச் சக்கரம் டர்பைன், காற்றுப் பக்கச் சக்கரம் கம்ப்ரஸர். இரண்டும் சேர்ந்ததுதான் டர்போ சார்ஜர். சிறிய கார்களின் டர்போ, முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழல்கிறது. தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே.

காற்றை அமுக்கினால் அது சூடாகும் என்பது சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்த குழந்தைக்கும் தெரியும். சூடான காற்று விரியும், அடர்த்தி குறையும். அதனால் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இன்டர்கூலர் என்ற குளிர்விப்பான் வைக்கப்படுகிறது. காற்றின் அழுத்தத்தை இரு மடங்காக்கி, வெப்பநிலை 120 டிகிரியில் இருந்தால் நிறை ஒன்றரை மடங்குதான் கிடைக்கும். அதையே 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஏறத்தாழ 1.9 மடங்கு கிடைக்கும். மேல்நிலை வகுப்பில் படிக்கும் நல்லியல்பு வாயுச் சமன்பாட்டைக் கொண்டு மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

டர்போவில் இன்னொரு பகுதி உண்டு. பல டீசல் கார்களில் டர்பைன் சக்கரத்தைச் சுற்றிச் சிறு இதழ்கள் இருக்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது இதழ்கள் நெருங்கி, புகையைக் குறுகிய வழியில் பாய்ச்சும். நீர்க்குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் நீர் பீய்ச்சியடிப்பது போல, குறைந்த புகையும் சக்கரத்தை வேகமாகச் சுழற்றும். வேகம் கூடியதும் இதழ்கள் விலகிக்கொள்ளும். இதழ்களை அசைப்பது ஒரு கம்பி. அந்தக் கம்பியை இழுப்பது, தகரக் குடுவை போன்ற ஆக்சுவேட்டர். அதற்கு விசை கொடுப்பது எஞ்சினில் உள்ள வேக்குவம் பம்ப். நடுவில் இருந்து எப்போது, எவ்வளவு வெற்றிடம் தர வேண்டும் என்று கட்டுப்படுத்துவது ஒரு சோலினாய்டு வால்வு. இவற்றையெல்லாம் இணைப்பவை பென்சில் தடிமன்கூட இல்லாத ரப்பர் குழாய்கள்.

இழுவை திடீரென்று போவது ஏன்?

காரின் கணினியான இ.சி.யு., இவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று ஒவ்வொரு கணமும் கணக்கிடுகிறது. உண்மையில் எவ்வளவு அழுத்தம் வந்தது என்பதை உட்செல் குழாயில் உள்ள அழுத்த சென்சார் சொல்கிறது. கேட்டதற்கும் வந்ததற்கும் இடைவெளி அதிகமானால், எஞ்சினைக் காப்பாற்ற இ.சி.யு. டீசல் அளவைக் குறைத்துவிடும். டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும். வண்டி நகரும், ஆனால் இழுக்காது. மெக்கானிக்குகள் இதை லிம்ப் மோடு என்பார்கள். பல கார்களில் எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்பினால், இ.சி.யு. புதிதாகக் கணக்கைத் தொடங்கும், இழுவையும் திரும்பிவிடும். சற்று தூரம் போனதும் பழைய கதைதான்.

ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தால் பெரும்பாலும் பி0299 என்ற எண் வரும். "டர்போ அழுத்தம் குறைவு" என்பதே அதன் பொருள். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். எண்ணில் டர்போ என்ற சொல் இருப்பதால் டர்போவை மாற்றச் சொல்கிறார்கள். அழுத்தம் குறைவு என்று மட்டுமே அந்த எண் சொல்கிறது. ஏன் குறைந்தது என்று அது சொல்லவில்லை.

அழுத்தம் குறையக் காரணங்கள் இவை:

1. காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கலாம்.

2. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் பெரிய ஹோஸ் கிழிந்திருக்கலாம், அல்லது அதன் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம்.

3. ஆக்சுவேட்டருக்குப் போகும் சிறிய வேக்குவம் ஹோஸ் வெடித்திருக்கலாம், சோலினாய்டு வால்வு வேலை செய்யாமல் இருக்கலாம்.

4. டர்பைன் இதழ்களில் கரி படிந்து அவை இறுகிப்போயிருக்கலாம். எப்போதும் ஊருக்குள் மெதுவாக மட்டுமே ஓடும் கார்களில் இது அதிகம்.

5. புகையின் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு மூடாமல் திறந்தபடியே நின்றிருக்கலாம்.

6. சென்சாரில் கரி படிந்து தவறான அளவைச் சொல்லலாம்.

7. புகைக்குழாயில் உள்ள வடிகட்டி அடைபட்டு, புகை வெளியேற வழியின்றி இருக்கலாம்.

8. கடைசியாக, டர்போவே தேய்ந்திருக்கலாம்.

டீசல் ஃபில்டர் அடைபட்டாலும் இழுவை குறையும். ஆனால் அது காற்றின் குறை அல்ல, எரிபொருளின் குறை. அப்போது வேறு எண் வரும்.

புகையின் நிறமும் நமக்குத் தகவல் தரும். பெரிய ஹோஸ் கிழிந்தால், காற்றை அளக்கும் சென்சாரைக் கடந்த பிறகு காற்று வெளியே கசிகிறது. இ.சி.யு. காற்று இருப்பதாக நம்பி டீசலை ஊற்றும், கரும்புகை கிளம்பும். ஆனால் வேக்குவம் ஹோஸில் பழுதென்றால் காற்று உள்ளே வரும்போதே குறைவாக வருகிறது. சென்சார் அதைச் சரியாகச் சொல்கிறது, டீசலும் குறைகிறது. இழுவை இருக்காது, ஆனால் பெரிய புகையும் இருக்காது. நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். அப்போதுதான் டர்போவின் மேல் சந்தேகம் வலுக்கிறது.

எங்கள் பணிமனைக்கு வந்த கார்

சேலத்திலிருந்து ஏற்காட்டு மலைப் பள்ளிக்கு நாள்தோறும் போய்வரும் ஓர் அறிவியல் ஆசிரியையின் காரை எடுத்துக்கொள்கிறேன். அவருடன் இன்னும் இரண்டு ஆசிரியைகள் செல்வார்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் எதிரே பேருந்து வரும்போது வண்டி இழுக்காமல் நின்றால், அது பணச்செலவு மட்டும் சார்ந்த விஷயமல்ல. பட்டறையில் டர்போவை மாற்றச் சொல்லிவிட்டார்கள். மாற்றுவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று அவர் காரை எங்கள் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்கல்வி மாணவர்களுக்கு அன்று அதுவே செய்முறை வகுப்பு.

முதலில் யாரும் பானட்டைத் திறக்கக் கூடாது, கேள்வி மட்டும் கேட்க வேண்டும் என்றேன். மாணவர்கள் கேட்டார்கள், ஆசிரியை பதில் சொன்னார்.

"எப்பல இருந்து டீச்சர் இப்படி?"

"ரெண்டு வாரமா."

"கிளம்பினதுமே இழுக்க மாட்டேங்குதா?"

"இல்லப்பா. அஞ்சாவது, ஆறாவது வளைவு வரைக்கும் நல்லா ஏறும். அப்புறம்தான் மக்கர். ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா திரும்ப இழுக்கும்."

புகை இல்லை. ஊளையிடும் சத்தம் இல்லை. எஞ்சின் எண்ணெயின் அளவு குறையவில்லை. பிரேக் பெடல் வழக்கம் போலவே இருந்தது. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டது ஒரு மாணவன். பிரேக்குக்கு உதவுவதும் அதே வேக்குவம் பம்ப்தான் என்பதை அவன் நினைவில் வைத்திருந்தான். பம்ப் பலவீனமாகியிருந்தால் பிரேக் பெடல் இறுகியிருக்கும். அப்படி இறுகினால் அந்தக் காரை ஓட்டவே கூடாது.

பதில்களைக் கரும்பலகையில் எழுதினோம். நீலப்புகையும் சத்தமும் எண்ணெய்க் குறைவும் இல்லாததால் டர்போ தேய்மானம் பட்டியலின் அடிக்குப் போனது. கரும்புகை இல்லாததால் பெரிய ஹோஸும் கீழே இறங்கியது. வண்டி சூடான பிறகே குறை வருகிறது என்பதைப் பெரிதாக எழுதி அடிக்கோடிட்டோம்.

அடுத்தது, செலவில்லாத சோதனைகள். எஞ்சின் ஆறிய பிறகு காற்று வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அழுக்கு இருந்தது, அடைப்பு இல்லை. பெரிய ஹோஸ்களைக் கையால் தடவி, கிளாம்ப்புகளை ஆட்டிப் பார்த்தோம். ஒரு மூட்டில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. அதைக் கண்டு ஒரு மாணவன் "டர்போ ஆயில் தள்ளுது சார்" என்றான். எஞ்சினுக்குள் உருவாகும் எண்ணெய் ஆவி மறுபடி காற்றுக்குழாய்க்கே அனுப்பப்படுவதால் லேசான பிசுக்கு எல்லாக் கார்களிலும் இருக்கும். சொட்டுச் சொட்டாகத் தேங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மூன்றாவது, ஸ்கேனர். எதிர்பார்த்தபடி பி0299. எண்ணைக் குறித்துக்கொண்டு, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, அழுத்த சென்சாரின் அளவைப் படித்தோம். 98 கிலோ பாஸ்கல். கைபேசியில் உள்ள பாரோமீட்டரும் அதையே காட்டியது. எஞ்சின் ஓடாதபோது அந்தக் குழாயில் இருப்பது வெறும் வளிமண்டல அழுத்தம்தான். சென்சார் அதைச் சரியாகச் சொல்கிறது என்றால், அதன் சாட்சியை நம்பலாம்.

நான்காவது சோதனைதான் திருப்பம். கையால் இயக்கும் சிறிய வேக்குவம் பம்ப்பை நேராக ஆக்சுவேட்டரில் பொருத்தி, மாணவர்களை அழுத்தச் சொன்னேன். கம்பி தடையில்லாமல் முழுத் தூரமும் நகர்ந்தது. பம்ப்பை நிறுத்தினாலும் நகர்ந்த இடத்திலேயே நின்றது. விடுவித்ததும் திரும்பியது. அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "சார், நாம இழுத்தா வருதுன்னா டர்போ நல்லாத்தானே இருக்கு? அப்ப இழுக்க வேண்டியதுதான இழுக்கல?"

இதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்லத் தெரியாது. ஆக்சுவேட்டரில் ஓட்டை இல்லை, இதழ்கள் இறுகவில்லை. குறை, வெற்றிடம் வரும் வழியில் இருக்கிறது. ஒரே சோதனையில் பழுது இருக்கக்கூடிய இடம் பாதியாகக் குறுகிவிட்டது.

ஐந்தாவதாக, எஞ்சினை ஓடவிட்டு, வேக்குவம் மீட்டரால் ஒவ்வொரு மூட்டாக அளந்தோம். எஞ்சின் ஆறியிருந்தபோது எல்லா இடத்திலும் முள் நன்றாக ஏறியது. இதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் சரி என்றே முடிவு செய்திருப்போம். ஆனால் கரும்பலகையில் அடிக்கோடிட்ட வரி இருந்ததே! 20 நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி மறுபடி அளந்தோம். பம்ப் அருகே முள் முன்பு போலவே ஏறியது. சோலினாய்டு வால்வின் வாயிலில் பாதிகூட ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ரப்பர் குழாய் மட்டும்தான்.

எஞ்சினை அணைத்துக் குழாயை மெல்லத் திருப்பிப் பார்த்தோம். ஓர் இரும்புத் தாங்கியின் விளிம்பில் உரசும் இடத்தில், அடிப்பக்கம் ஒரு நகக்கீறல் அளவு வெடிப்பு. ரப்பர் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கிறது. சூட்டில் இளகியதும் வாய் திறக்கிறது. மறுபடி எஞ்சினைக் கிளப்பி, வெடிப்பின் மேல் நான் விரலை வைத்து அடைத்தேன். முள் ஏறியது. விரலை எடுத்தேன். இறங்கியது. சந்தேகம் தீர்ந்தது.

அதே உள்விட்டமும் வெப்பம் தாங்கும் தன்மையும் உள்ள புதிய வேக்குவம் ஹோஸ் ஒரு மீட்டர் வாங்கினோம். சில நூறு ரூபாய்தான் ஆயிற்று. ஆனால் குழாயை மாற்றுவதோடு வேலை முடியவில்லை. அந்தக் குழாய் ஏன் விளிம்பில் உரசியது? அதைத் தூக்கிப் பிடிக்கும் கிளிப் ஒன்று காணாமல் போயிருந்தது. புதிய கிளிப் போட்டுக் குழாயை விளிம்பிலிருந்து விலக்கிய பிறகே பழுது உண்மையில் சரியானது. இல்லையென்றால் சில மாதங்களில் புதிய குழாயும் அதே இடத்தில் வெடித்திருக்கும்.

பிறகு ஸ்கேனரில் எண்ணை அழித்துவிட்டுச் சாலைச் சோதனை. நான் ஓட்ட, ஆசிரியை பக்கத்தில் அமர்ந்து அளவுகளைக் குறித்தார். பழுது பார்க்கும் முன் ஏற்றத்தில் இ.சி.யு. 200 கிலோ பாஸ்கல் கேட்டால் 125 வந்துகொண்டிருந்தது. இப்போது 195 வந்தது. இருபது வளைவுகளையும் நிற்காமல் ஏறினோம். ஒரு மாதம் கழித்து மறுபடி ஸ்கேனரை மாட்டிப் பார்த்தோம். எண் திரும்ப வரவில்லை.

மேலே போகப் போக இழுவை இன்னும் குறைந்ததற்கும் காரணம் உண்டு. ஏற்காட்டில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 85 கிலோ பாஸ்கல். சேலத்தைவிட எட்டில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. டர்போ நன்றாக இருக்கும்போது அந்தக் குறையை அது ஈடுகட்டிவிடும். டர்போ ஒத்துழைக்காதபோதுதான் மலையின் மெல்லிய காற்று எஞ்சினுக்குத் தெரிகிறது.

டர்போவே பழுதாகியிருந்தால்

சில நேரங்களில் டர்போ உண்மையிலேயே தேய்ந்திருக்கும். காற்றுக் குழாயைக் கழற்றி, எஞ்சின் ஆறிய நிலையில், கம்ப்ரஸர் சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் மிகச் சிறு ஆட்டம் இருப்பது இயல்பு. எண்ணெய்ப் படலம் வந்ததும் அது சரியாகிவிடும். ஆனால் தண்டு முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, இதழ்கள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ, இதழ் முனை உடைந்திருந்தாலோ டர்போவைக் கழற்றத்தான் வேண்டும்.

அப்போதும் புதிய டர்போவைப் பொருத்தும் முன், பழையது ஏன் கெட்டது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். எண்ணெய் வரும் குழாயில் கரி அடைத்திருந்ததா? எண்ணெய் திரும்பும் வழி அடைபட்டதா? எண்ணெய் மாற்றும் காலம் தவறியதா? காற்று வடிகட்டி கிழிந்து தூசி போனதா? இவற்றைச் சரிசெய்யாமல் போட்ட புது டர்போ, பழையதன் வழியிலேயே போகும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். டர்போவின் எண்ணெய்த் தடுப்பு முற்றிலும் கெட்டால், எஞ்சின் தன் எண்ணெயையே எரிபொருளாகக் குடித்துத் தாறுமாறாகச் சுற்றத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் அணையாது. எனவே நீலப்புகை கண்ட காரை ஓட்டிப் பார்க்காமல் இழுவை வண்டியில் கொண்டுசெல்வதே நல்லது. மாணவர்களை ஓடும் எஞ்சினின் பெல்ட், விசிறி, டர்போ ஆகியவற்றின் அருகே விடக் கூடாது. எங்கள் வகுப்பில் எஞ்சின் ஓடும்போது கை வைப்பது ஆசிரியர் மட்டுமே. மாணவர்கள் மீட்டரைப் படிப்பார்கள்.

பராமரிப்பு எளிது. கையேட்டில் சொன்ன தரத்தில், சொன்ன காலத்தில் எண்ணெயை மாற்றுங்கள். காற்று வடிகட்டியைக் கவனியுங்கள். கிளப்பியதும் உடனே விரட்டாமல் அரை நிமிடம் பொறுங்கள். மலை ஏறி முடித்ததும் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். இல்லையென்றால் கொதிக்கும் டர்போவில் தேங்கிய எண்ணெய் கருகிப் படியும். நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே டர்போ பெரும்பாலும் விழித்திருக்காது. அந்த நிலையில் வண்டி முனகினால் அது பழுதல்ல, கியரைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்பு: ஒரு ஸ்ட்ராவின் நடுப்பகுதியில், நீர்மட்டத்துக்கு மேலே இருக்குமாறு ஊசியால் சற்றுப் பெரிய துளை இடுங்கள். மாணவரை உறிஞ்சச் சொல்லுங்கள். நீர் சரியாக ஏறாது. துளையை விரலால் மூடினால் ஏறும். "உறிஞ்சும் வாயில் குறையா, குழாயில் குறையா? எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள். ஏற்காட்டுக் காரின் பழுதும் இதுதான்.

நடுநிலை வகுப்பு: சைக்கிள் பம்பின் வாயை அடைத்துக்கொண்டு பல முறை அமுக்கி, அடிப்பகுதியைத் தொட்டுப் பார்க்கச் செய்யலாம். இன்டர்கூலர் எதற்கு என்ற கேள்விக்கு விடை கையிலேயே கிடைக்கும்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்பு: கைபேசி பாரோமீட்டர் அளவைப் பள்ளியில் ஒரு முறையும், அருகிலுள்ள மலை மேல் ஒரு முறையும் குறித்து ஒப்பிடலாம். எஞ்சினின் கொள்ளளவையும் சுற்று எண்ணிக்கையையும் கொடுத்து, நிமிடத்துக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு டீசல் என்று கணக்கிடச் சொல்லலாம்.

மதிப்பெண்ணும் ஒரு பி0299தான்

கழித்தலில் 10க்கு 2 மதிப்பெண் பெற்ற ஒரு குழந்தையை நினைத்துக்கொள்வோம். "கணக்கு வராது" என்று சொல்வது டர்போவை மாற்றச் சொல்வதற்குச் சமம். அந்த 2 என்பது குறை இருப்பதைச் சொல்கிறது, எங்கே என்று சொல்வதில்லை. இடமதிப்பு புரியவில்லையா? கடன் வாங்கும்போது நடுவில் சுழியம் வந்தால் மட்டும் தடுமாறுகிறதா? கணக்குத் தெரிந்தும் வினாவைப் படிக்க முடியவில்லையா? கரும்பலகை கண்ணுக்குத் தெரியவில்லையா?

காரில் செய்ததையே இங்கும் செய்யலாம். முதலில் குழந்தையிடம் கேட்க வேண்டும்: இதை எப்படிப் போட்டாய்? பிறகு, ஒரு காரணத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் கணக்குகளைக் கொடுக்க வேண்டும். 57 - 23, 52 - 27, 502 - 227 என்ற மூன்று கணக்குகள் போதும், தடுமாற்றம் எந்தப் படியில் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். அதே கணக்கை வாய்மொழியாகச் சொன்னால் சரியாகச் செய்கிறான் என்றால், குறை கணிதத்தில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. ஆக்சுவேட்டரை நேராக இழுத்துப் பார்த்தது போன்ற சோதனை இது. காலையில் சரியாகச் செய்யும் குழந்தை பிற்பகலில் மட்டும் தடுமாறினால், பாடத்தைத் தேடுவதற்கு முன் மதிய உணவையும் உறக்கத்தையும் விசாரிக்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகே தெரிந்த வெடிப்பும் அப்படித்தான்.

குறை தெரிந்த இடத்தில் மட்டும் குறைதீர் கற்பித்தல் நடந்தால் போதும். முழுப் பாடத்தையும் முதலிலிருந்து நடத்தினால் குழந்தையும் சோர்ந்துபோகும், நம் நேரமும் போகும். முடித்த பிறகு மறுபடி சோதிப்பதும், சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பதும் கட்டாயம். அதுவரை குறை தீர்ந்தது என்று எழுதக் கூடாது.

அந்த வெடித்த குழாய்த் துண்டு எங்கள் பணிமனையில் ஆணியில் தொங்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களுக்கு அதைக் கையில் கொடுத்து, வெடிப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். வளைத்துப் பார்க்கும் வரை யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை.